மழை நின்ற பிறகு

“மக்கா, மழை நின்னுட்டு, இனிதான் இருக்கு கூத்து!” அமெரிக்காவின் அயோவாவிலிருந்து பெரியம்மா மகன் வீடியோ காலில் கத்துகிறான்.

இங்கே தக்கலையில் காலைச் சாரல், அங்கே நாக்ஸ்வில் கார் ரேஸ் மைதானத்தில் இரவு.

அரை மைல் மண் பாதை. சுமார் 900 குதிரைத்திறன் கொண்ட ஸ்பிரிண்ட் கார்கள், அதாவது மண் பாதையில் ஓடும் சின்ன ரேஸ் கார்கள், தலைக்கு மேல் பெரிய இறக்கை. செல்ஃப் ஸ்டார்ட்டே கிடையாது, பின்னாலிருந்து ஒரு வண்டி தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

ஆனால் மழை விட்டவுடன் ரேஸ் தொடங்கிவிடாது. நாம் வயலில் பரம்படிப்பதுபோல வண்டிகள் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்து, டயராலேயே சகதியை அமுக்கி இறுக்குகின்றன. நனைந்த கூட்டம் எழுந்து போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது!

அப்புறம் ரேஸ். ஹெல்மெட் கண்ணாடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் அடுக்கடுக்காக இருக்கும். சேறு தெறித்துக் கண்ணை மறைத்ததும், கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டுநர் ஒரு கையால் ஒன்றைக் கிழித்து எறிகிறார், மறு கை ஸ்டீயரிங்கில். அதைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

சரி, ஓட்டியவர் பெரிய ஆள்தான். ஆனால் அந்த மண்ணைத் திரும்ப ஓடும் பக்குவத்துக்குக் கொண்டுவந்தவர்கள்மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். கோப்பை கொடுக்கும்போது அவர்களையும் மேடையில் ஏற்றினால் என்ன?