கட்டிப்போட்ட படகு

சிங்கப்பூரில் உல்லாசப் படகுகளை ஆய்வு செய்வது என் தொழில். அதற்கு முன்பு கப்பல் பட்டறையில் பெரிய கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னப் படகுக்கு மாறியபோது, இனி வேலை சுலபம் என்றார்கள் நண்பர்கள். ஒரு வகையில் சரிதான், ஏறவேண்டிய ஏணி குட்டை. ஆனால் கப்பலில் எப்போதும் ஆள் இருக்கும். இன்ஜின் அறையில் யாராவது ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்பார், ஒரு சொட்டு ஒழுகினாலும் கண்ணில் படும். உல்லாசப் படகுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதலாளி மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் பெரிது. லாசரஸ் தீவு வரை போய் நங்கூரம் போட்டு, குளித்து, கோழி சுட்டுச் சாப்பிட்டுத் திரும்புவார். மற்ற நாளெல்லாம் படகு மெரினாவில், அதாவது உல்லாசப் படகுத்துறையில், கயிற்றோடு கிடக்கும். ஓடி ஓடிக் கெட்ட படகுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. கிடந்து கெட்டவைதான் அதிகம்.

இந்த ஊர்க் கடல் வேறு ஆண்டு முழுவதும் 30 டிகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குளிர்காலம் என்று ஒன்று வந்து, படகின் அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் பார்னக்கிள் என்ற சிறு கடலுயிருக்கு ஓய்வு கொடுப்பதில்லை. சில வாரம் அசையாமல் கிடந்தால் போதும், புரொப்பெல்லரில் அடை அடையாக ஒட்டிக்கொள்ளும். இன்ஜினுக்குக் கடல்நீர் எடுக்கும் வாய்க்குள்ளும் குடியேறிவிடும். வெளியே இருப்பதைச் சுரண்டிவிடலாம். உள்ளே இருப்பது, இன்ஜின் சூடாகி அலாரம் அடிக்கும்போதுதான் தெரியவரும்.

சர்வே கேட்டு வருகிறவர்கள் இரண்டு வகை. பழைய படகு வாங்கப் போகிறவர் ஒருவர். காப்புறுதி நிறுவனம் அறிக்கை கேட்டுவிட்டதே என்று வேறு வழியில்லாமல் வருகிறவர் இன்னொருவர். முன்னவருக்கு எல்லாக் குறையும் தெரிய வேண்டும், பின்னவருக்கு ஒன்றுகூடத் தெரியக் கூடாது. கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம்தான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இது என்று கேட்பவரும் உண்டு. உரிமம் வேறு, சீகாக் வேறு என்பேன்.

சீகாக் என்பது படகின் அடியில் கடல்நீர் உள்ளே வரும், வெளியே போகும் துளைகளுக்கு வைத்த வால்வு. இன்ஜினுக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று நாலைந்தாவது இருக்கும். எந்தப் படகில் ஏறினாலும் முதலில் அதைத் தேடித்தான் கீழே குனிவேன். கைப்பிடி திரும்ப வேண்டும். பாதிப் படகுகளில் திரும்பாது, வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பிறகு கத்தி முனையால் உலோகத்தை லேசாகச் சுரண்டுவேன். மஞ்சளாகப் பளிச்சிட்டால் நல்லது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் ஆபத்து. சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கடல்நீர் கரைத்துவிடும், மிச்சம் நிற்பது பொரபொரப்பான செம்பு. பார்க்க முழுசாக இருக்கும், ஓர் உதை பட்டால் ஒடியும். நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே 25 மில்லிமீட்டர் துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு இரண்டு டன்னுக்கு மேல்.

அதற்குத்தானே அடியில் சேரும் நீரை வெளியேற்ற பில்ஜ் பம்ப் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. பம்புக்கு பேட்டரி வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜர், சார்ஜருக்குக் கரையிலிருந்து வரும் மின்சாரம். ஒரு இடிமழையில் பிரேக்கர் விழுந்தால், முதலாளி வரும் ஞாயிறு வரை அது விழுந்தே கிடக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராக் காற்று அடித்துக்கொண்டு வருமே, அந்த மழை பின்தளத்தில் கொட்டும். வடிகால் துளையில் நாலு இலை அடைத்திருந்தால் நீர் தேங்கும், பின்பக்கம் தாழும். அதுவரை நீர்மட்டத்துக்கு மேலே இருந்த குழாய் வாய்கள் கீழே போகும், கடல் அந்த வழியாக உள்ளே வரும். யாரும் படகை எதிலும் மோதவில்லை. கட்டிய இடத்திலேயே படகு உட்கார்ந்துவிடும். முதலாளிக்கு போன் போகும்போது காப்புறுதிக்காரரும் நானும் அங்கே நின்றுகொண்டிருப்போம்.

துவாஸ் பக்கம் ஒரு படகுப் பட்டறையில், யார்டு என்போம், பார்த்த படகைச் சொல்ல வேண்டும். 38 அடி, பைபர், இரட்டை டீசல் இன்ஜின். வாங்கப் போகிறவர் லாரி கம்பெனி வைத்திருக்கும் நம்மவர். மீன்பிடிக்கப் போக ஆசை. படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தது நாகப்பட்டினம் பக்கத்துத் தம்பி ஒருவர். ஊரில் பைபர் படகு கட்டும் பட்டறையில் இருந்தவராம். கழுவிக்கொண்டே, “அண்ணே, பின்பக்கம் வாங்களேன், சத்தம் சரியில்லை” என்றார். பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே கணக்குதான். டண் டண் என்று வந்த ஒலி, நீச்சல் மேடையின் போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் வந்ததும் தொப் தொப் என்றாகிவிட்டது. போல்ட் துளை வழியாக நீர் இறங்கி, பின்பலகைக்குள்ளே இருந்த பிளைவுட் ஊறிப்போயிருந்தது. ஈரமானியும் உச்சத்தைக் காட்டியது. ஆனால் அன்று தண்ணீரிலிருந்து எடுத்த படகில், அதுவும் இந்த ஊர்க் காற்றில், அந்தக் கருவி எதற்குத்தான் உச்சத்தைக் காட்டாது? எனக்குச் சுத்தியலும் அந்தத் தம்பியின் காதும் போதும்.

வாங்குபவரின் கண் வேறிடத்தில் இருந்தது. பைபரின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் காசு அளவுக் கொப்புளங்கள் நிறைய. ஒன்றைக் குத்தச் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டு குத்தினேன். பிசுபிசுப்பாக ஒரு நீர் வடிந்தது, காடி வாடை. “ஐயோ, போச்சு” என்றார். போகவில்லை. கொப்புளத்தோடு பல ஆண்டு ஓடும் படகுகள் இருக்கின்றன. பார்க்க அசிங்கம், விலை பேச வசதி, அவ்வளவுதான். அந்தப் படகில் என்னைக் கவலைப்பட வைத்தவை ஊறிய பின்பலகையும், இளஞ்சிவப்பாகிவிட்ட ஒரு சீகாக்கும், டீசல் தொட்டியும்தான். அரைகுறையாக நிரப்பிவைத்த தொட்டியில் ஈரக்காற்று வியர்த்து அடியில் நீர் சேரும். டீசலும் நீரும் சேருமிடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளியாகப் படியும். மெரினாவுக்குள் ஓட்டிக் காட்டினால் ஒன்றும் தெரியாது. வெளியே அலையில் தொட்டி குலுங்கும்போது சளி கிளம்பி ஃபில்டரை அடைக்கும். பெரிய கப்பல்கள் போய்க்கொண்டிருக்கும் தடத்தில் இன்ஜின் நிற்பது எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒரே வார்த்தையில் சொல்லுங்கண்ணே, வாங்கலாமா, வேண்டாமா?”

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. படகு எப்படி இருக்கிறது என்று எழுதித் தருவேன். எதை உடனே மாற்ற வேண்டும், எது பொறுக்கும், எதைத் திறந்து பார்க்க வழியில்லாமல் போனது, எல்லாம் அறிக்கையில் இருக்கும். பணம் அவருடையது, ஆசையும் அவருடையது. ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும் ஃப்ளேர்கள் காலாவதியாகி நெடுநாள் ஆகியிருந்ததையும் எழுதினேன். பெரியவர்கள் போடும் லைஃப் ஜாக்கெட்டுகள் உறை பிரிக்காமல் இருந்தன. குழந்தை அளவில் ஒன்றுகூட இல்லை. அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று சாப்பிடும்போது சொல்லியிருந்தார், அதனால் அதை மட்டும் நேரிலும் சொன்னேன்.

விலையைக் குறைத்து வாங்கிவிட்டார். பின்பலகை வேலையை அதே யார்டில் கொடுத்திருக்கிறார். நாகப்பட்டினத்துத் தம்பிதான் செய்ய வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம்.