ஒரு டிக், இரண்டு ஆண்டுக் கணக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சனிக்கிழமை சம்பள நாள். வாரம் முழுவதும் தைத்த பீசுக்கும், கூடுதலாகப் பார்த்த ஷிப்டுக்கும் அன்று மாலைதான் பணம் கைக்கு வரும் என்பதால், வெள்ளிக்கிழமை பிற்பகலில் அலுவலகக் கணினி மக்கர் செய்தால் அந்தப் பழுது தையல்காரர் ஒவ்வொருவரின் வீட்டு அடுப்பு வரைக்கும் போய்ச் சேரும். நான் பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து ஏப்ரல் முதல் வாரத்தில் அப்படியொரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மையார் எப்போதும் நிதானமாகப் பேசக்கூடியவர். அன்று அவர் குரல் நடுங்கியது. "சம்பளப் புரோகிராமைத் திறந்தா பாஸ்வேர்டு கேக்குதுங்க சார். குடுத்துத் திறந்தா ரெண்டு வருசக் கணக்கையே காணோங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஐகானை இருமுறை சொடுக்கிக் காட்டினார். திரை முழுவதும் மங்கியது. நடுவில் மஞ்சள் பட்டையோடு ஒரு பெட்டி எழுந்து, இந்தச் செயலி கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது. வெளியீட்டாளர் தெரியாதவர் என்றது. நிர்வாகியின் கடவுச்சொல்லுக்குக் கட்டம் காட்டியது. அம்மையார் விசைப்பலகையைத் தூக்கினார். அதன் அடியில், தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாளின் பின்பக்கத்தில், நான் அந்தக் கணினிக்கு வைத்த நிர்வாகிக் கடவுச்சொல் நீல மையில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. அதை யாருக்கும் நான் கொடுத்ததாக நினைவில்லை. அவசரத்துக்கு என்று முதலாளி ஒரு முறை கேட்டு வாங்கிய பிறகு அது அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இந்தப் பெட்டியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 2007 ஜனவரியில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவோடுதான் இது அலுவலகங்களுக்குள் நுழைந்தது. அதற்கு முன்பு பெரும்பாலான கணினிகளில் எல்லோரும் எல்லா அதிகாரத்தோடும் உட்கார்ந்திருந்தோம். நாம் திறக்கும் நிரலுக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. அதற்குள் ஒளிந்து வந்த வைரசுக்கும் கிடைத்தது. விஸ்டாவிலிருந்து நிலைமை மாறியது. நிர்வாகியாகவே உள்நுழைந்தாலும் திறக்கும் நிரல்களுக்குச் சாதாரணப் பயனரின் அதிகாரம்தான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டும் என்று ஒரு நிரல் கேட்டால் மட்டும் திரையை மங்கவைத்து நம்மிடம் ஒப்புதல் வாங்கும். அந்த மங்கல் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. வேறெந்த நிரலும் நமக்குப் பதிலாக 'ஆம்' என்று அழுத்திவிடாதபடி, பெட்டியைத் தனியாகக் காவலிட்ட திரையில் காட்டுவதற்கான ஏற்பாடு அது.

விஸ்டாவில் இது ஓயாமல் எழுந்ததால் மக்கள் வெறுத்தார்கள். 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-இல் பெட்டி எவ்வளவு அடிக்கடி எழ வேண்டும் என்று அமைக்க நான்கு படிகள் கொண்ட நகர்த்தி ஒன்றைக் கொடுத்தார்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில், புகார் வந்த கணினிகளிலெல்லாம் அந்த நகர்த்தியை அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். கேள்வியை நிறுத்தினேனே தவிர, கேட்டவர் யார், ஏன் கேட்டார் என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

ஆகவே இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, இது எந்த நாளிலிருந்து என்பதுதான். இரண்டு ஆண்டுகளாகக் கேட்காத நிரல் இன்று கேட்கிறதென்றால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. அம்மையார் யோசித்துவிட்டு, புதன்கிழமை புதிய நிதியாண்டுக்கான அப்டேட் போட்டார்கள் என்றார். மென்பொருள் கொடுத்தவர்களின் ஆள் ரிமோட்டில் வந்து பார்த்திருக்கிறார். அப்டேட் பிழை காட்டி நின்றிருக்கிறது. அவர் கடவுச்சொல் கேட்க, இவர் விசைப்பலகையைத் தூக்கிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அப்டேட் ஏறிவிட்டது. அவரும் இணைப்பைத் துண்டித்துக்கொண்டார். வியாழக்கிழமை காலையிலிருந்து பெட்டி.

சில சமயம் காரணம் மிகச் சிறியதாக இருக்கும். ஒரு நூல் கடையில், சரக்கிருப்பு பார்க்க யாரோ எழுதிக் கொடுத்த 32 பிட் நிரல் திறக்கும்போதெல்லாம் அனுமதி கேட்டது. அதன் கோப்புப் பெயரில் 'அப்டேட்' என்ற ஆங்கிலச் சொல் இருந்ததுதான் கோளாறு. தனக்கு என்ன அதிகாரம் வேண்டும் என்று அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் இல்லாத பழைய 32 பிட் நிரல்களின் பெயரில் 'இன்ஸ்டால்', 'செட்டப்', 'அப்டேட்' போன்ற சொற்கள் இருந்தால், இது நிறுவியாக இருக்கும் என்று விண்டோஸ் தானே ஊகித்துக்கொள்ளும். பெயரை மாற்றியதும் பெட்டி வரவில்லை. இங்கே பெயரில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்து ஐகானின் பண்புகளில் இணக்கத்தன்மைப் பக்கத்தைத் திறந்து, எல்லாப் பயனர்களுக்குமான அமைப்புகளை மாற்றும் பொத்தானை அழுத்தினேன். 'இந்த நிரலை நிர்வாகியாக இயக்கு' என்ற வரிக்கு முன்னால் டிக் இருந்தது. பெட்டி எழுவதற்கான காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு ஆண்டுக் கணக்கு எங்கே போனது என்பதற்கு இது விடையாகுமா என்று அப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே டிக்கை எடுக்காமல், கடவுச்சொல்லைக் கொடுத்து நிரலைத் திறந்து, அது காட்டுவதை ஒருமுறை அமைதியாகப் பார்த்தேன்.

பணியாளர் பட்டியலில் 41 பேர் இருந்தார்கள். "இப்ப அறுபதுக்கு மேல இருக்காங்க சார்" என்றார் அம்மையார். முதல் வரியில் இருந்த பெயரைச் சுட்டி, இந்தக் கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது என்றார். அந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது. கணக்கு அழிந்திருந்தால் பட்டியல் வெறுமையாக இருக்கும், அல்லது திறக்கவே திறக்காது. இங்கே இருப்பதோ பழைய கணக்கு; நிரலை நிறுவிய நாளில் ஏற்றிய பட்டியல், ஒரு எழுத்து மாறாமல். அப்படியானால் அன்றிலிருந்து அம்மையார் எழுதியதெல்லாம் வேறெங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது.

இதன் பின்னணி இதுதான். இந்த நிரல் தன் தரவுக் கோப்பைத் தான் நிறுவப்பட்ட 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தில் எழுதப்பட்டது. அந்தக் கோப்புறையில் சாதாரணப் பயனர் எழுத முடியாது. விதியைக் கறாராக நடத்தினால் இத்தகைய பழைய நிரல்கள் எல்லாமே நின்றுபோகும் என்பதால், விஸ்டா காலத்திலேயே ஒரு சமாளிப்பு செய்துவைத்தார்கள். நிரல் அங்கே எழுத முயன்றால் விண்டோஸ் அதை மறுக்காமல், அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறைகளுக்குள் 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற மறைவான இடத்தில் ஒரு நகல் எடுத்து அதில் எழுதவைக்கும். மறுமுறை படிக்கும்போதும் அந்த நகலையே காட்டும். தான் எழுதுவது வேறிடத்தில் என்று நிரலுக்கும் தெரியாது, உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. ஆனால் நிர்வாகி அதிகாரத்தோடு இயங்கும் நிரலுக்கு இந்தத் திசைதிருப்பல் கிடையாது. அது நேராக மூலக் கோப்பைத்தான் திறக்கும். புதன்கிழமை அப்டேட் நின்றதற்கும் இதுவே காரணம்: தரவுக் கோப்புகளுக்குத்தான் இந்த நகல் ஏற்பாடு உண்டு, நிரலின் சொந்தக் கோப்புகளை மாற்றி எழுத அது இடம் தராது. அந்த ஆள் டிக் போட்டதும் அப்டேட் ஏறியது. அதே டிக் வியாழக்கிழமை முதல் அம்மையாரைத் தன் சொந்தக் கணக்கிலிருந்து பிரித்துவிட்டது. வேறு ஒருவரின் கடவுச்சொல்லில் நிரல் இயங்கியதால், வருகைப் பதிவு எந்திரத்தின் கோப்பு வந்து விழும், அம்மையாரின் கணக்கில் மட்டும் இணைத்திருந்த நெட்வொர்க் டிரைவான இசட் டிரைவும் அதன் கண்ணில் படவில்லை.

டிக்கை எடுத்தேன். ஐகானைச் சொடுக்கச் சொன்னேன். திரை மங்கவில்லை. பட்டியல் திறந்து, போன சனிக்கிழமை வரைக்கும் கணக்கு வரிசையாக இறங்கியது. அம்மையார் கைகூப்பிவிட்டு, எதுவும் பேசாமல் வருகைக் கோப்பை ஏற்றத் தொடங்கினார். நான் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில்தான் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. இரவு பத்து மணிக்கு நிரலின் கோப்புறையை வெளி வன்தட்டுக்கு நகலெடுக்கும் பேக்கப்பை அமைத்தவன் நான். பேக்கப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளின் கோப்புறைக்குள்ளும் அதே 41 பேர் கொண்ட கோப்பு, நிறுவிய நாளின் தேதியோடு இருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு இரவும் ஒரே பழைய கோப்பைப் பத்திரப்படுத்தியிருந்தோம். இடையில் அந்தக் கணினியின் வன்தட்டு பழுதாகியிருந்தால், அல்லது யாராவது அவருடைய பயனர் கணக்கை அழித்துப் புதிதாக உருவாக்கியிருந்தால், திரும்ப எடுக்க ஒன்றும் இருந்திருக்காது.

சனிக்கிழமை மாலை சம்பளம் கொடுத்து முடித்த பிறகு மறுபடி போனேன். நிரலை மூடிவிட்டு, விர்ச்சுவல்ஸ்டோரில் இருந்த தரவுக் கோப்பை டி டிரைவில் புதிதாக உருவாக்கிய கோப்புறைக்கு நகலெடுத்து, அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் சாதாரணப் பயனர்கள் திருத்தி எழுதும் உரிமையைக் கொடுத்தேன். தரவு எங்கே இருக்கிறது என்பதை நிரலின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதலாம்; அதையும் மாற்றினேன். நிரல் பழைய இடத்தையே திறந்தது. வரியை மறுபடி சரிபார்த்தேன், கணினியை மறுதொடக்கம் செய்தேன், பயனில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் உறைத்தது: அமைப்புக் கோப்பின் நகலும் அம்மையாரின் விர்ச்சுவல்ஸ்டோரில் உட்கார்ந்திருந்தது; நான் மூலத்தைத் திருத்த, நிரல் நகலைப் படித்துக்கொண்டிருந்தது. நகலின் பெயரை மாற்றி ஒதுக்கியதும் புதிய இடம் திறந்தது. பேக்கப்பையும் அந்தக் கோப்புறைக்குத் திருப்பினேன். விசைப்பலகையின் அடியில் இருந்த தாளை அம்மையாரே கிழித்துக் கொடுத்தார், கடவுச்சொல்லை மாற்றினேன். இனி அப்டேட் வந்தால் நான் வந்து, அந்த ஒரு முறை மட்டும் வலச்சொடுக்கி நிர்வாகியாக இயக்கிக் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். மென்பொருள்காரர்களிடமும் தொலைபேசியில் விளக்கினேன். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெட்டி எழுந்தால் கடவுச்சொல்லைத் தேடாமல், அதிலுள்ள நிரலின் பெயரையும் வெளியீட்டாளர் பெயரையும் எனக்குப் படித்துச் சொல்லும்படி அம்மையாரிடம் கேட்டுக்கொண்டேன்.

கிளம்பும் முன், அந்தக் கணினியில் வேறு பயனர்கள் இருக்கிறார்களா என்று பார்த்தேன். பில் போடும் இளம்பெண்ணுக்குத் தனிக் கணக்கு இருந்தது. அவருடைய விர்ச்சுவல்ஸ்டோரிலும் சம்பள நிரலின் தரவுக் கோப்பு ஒன்று, இரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதியில் கிடந்தது. இதை அம்மையாரிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது. நிரல் வந்த முதல் வாரத்தில் அவர் மூன்று நாள் விடுப்பில் போயிருக்கிறார். அந்த நாட்களின் வருகையைப் பதியும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு வரிகூட இல்லை. ஏற்றினேன் அக்கா என்று அந்தப் பெண் அழுதும் யாரும் நம்பவில்லை. அன்று கிடைத்த திட்டு போதாதென்று, அதன் பிறகு அவரைச் சம்பள நிரலின் பக்கமே விடவில்லை.

கோப்பை ஒரு தனி இடத்தில் நகலெடுத்துத் திறந்தேன். மூன்று நாள் வருகையும் அதில் இருந்தது. 41 பேருக்கும், ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்களுக்கு ஒன்றரை என்றே குறித்து, ஒருவர் விடாமல். அம்மையார் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "கண்ணு, இங்க கொஞ்சம் வா" என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.