ஈயின் காலுக்கு எது இனிப்பு?

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியில் ஈக்குப் பஞ்சமில்லை. பழத்தட்டில் உட்காருவதை விரட்டி விரட்டி அலுத்துப்போய், ஒருநாள் பிடித்தே வைத்துவிட்டேன். ஈ காலால் ருசி பார்க்கும் என்று படித்ததைக் கண்ணால் பார்க்கும் ஆசை.

ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வைத்ததில் மயங்கிய ஈயின் முதுகை மெழுகு வைத்துப் பல்குச்சியில் ஒட்டினேன். முதல் நாள் வீண். தெளிந்ததும் வெறும் தண்ணீரில் கால் பட்டாலே உறிஞ்சுகுழலை நீட்டியது. தாகம்! மறுநாள் முதலில் வயிறு நிறையத் தண்ணீர் கொடுத்து, அது தண்ணீரைச் சட்டை செய்யாமல் விட்ட பிறகே ஆரம்பித்தேன்.

எட்டு ஈக்கள். சர்க்கரைத் தண்ணீருக்கு எட்டும் குழலை நீட்டின. மருந்துக்கடை குளுக்கோஸுக்கு ஐந்துதான், அதுவும் நன்றாகக் கெட்டியாகக் கரைத்த பிறகு. அப்பா காபியில் சர்க்கரைக்குப் பதில் போடும் அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பு மாத்திரைக்கு ஒன்றுகூட அசையவில்லை. என் நாக்குக்கோ அதுதான் திகட்டியது.

பக்கத்து வீட்டு அக்கா பட்டுப்புழு வளர்க்கிறார். "மல்பெரி இலை போட்டா தின்னுது, அதுக்கு என்னடா ருசி?" என்று சிரித்தார். ஆனால் விஷயம் அந்தப் புழுவிடம்தான் இருந்தது. ருசியை உணரும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். பழ ஈயில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரைக்கு ஜிஆர்5ஏ, நாம் போடும் சர்க்கரையான சுக்ரோஸுக்கு ஜிஆர்64ஏ, பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்கு ஜிஆர்43ஏ என்று ஏற்பிகள் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. பட்டுப்புழுவின் ஜிஆர்9 என்ற ஏற்பி, ஃப்ரக்டோஸுக்கு மட்டும் திறந்து அயனிகளை (மின்னூட்டம் கொண்ட அணுக்களை) உள்ளே விடும் வாசல். அதன் வடிவம் 2024இல் வெளியானது. பூட்டும் சாவியும் போலப் பொருந்துவதுதான் கதை என்று நினைத்திருந்தேன். இல்லையாம். ஏற்பியில் ஃப்ரக்டோஸ் உட்காரும் ஒரு குழி இருக்கிறது. எல்-சார்போஸ் என்ற சர்க்கரையும் அதே குழியில் போய் உட்காருகிறது, வாசல் மட்டும் திறப்பதில்லை. குழிக்கும் வாசலுக்கும் நடுவே பாலமாக நிற்கும் இரண்டு அமினோ அமிலங்களை, அதாவது புரதத்தின் கண்ணிகளை, ஃப்ரக்டோஸ்தான் பிடித்து நகர்த்துகிறது. சாவி நுழைந்தால் போதாது, திரும்ப வேண்டும்.

அப்போ என் மாத்திரையும் ஈயின் குழியில் சும்மா உட்கார்ந்திருக்குமோ? அப்படியானால் சர்க்கரைக்கு வழி மறிக்க வேண்டுமே! இரண்டையும் சேர்த்துக் கரைத்துக் காலில் வைத்தேன். ஏழு ஈக்கள் நீட்டின. நீட்டாத ஒன்றுக்கு மெழுகு காலிலும் ஒட்டியிருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, குறைந்தது இந்த அளவுக் கரைசலில் மாத்திரை வழி மறிக்கவில்லை. அடுத்து மாத்திரையை இரண்டு மடங்காக்கி, சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன். அப்பாவுக்குத் தெரியாமல்தான்.