வைவாவுக்கு முன் உங்கள் சோதனைத் தளம் தானாக எழுந்து நிற்கட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களிலிருந்து டிப்ளோமா படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இறுதியாண்டு புரோஜெக்டுக்கு நான் எடுத்தது, கோயில் உபயத்துக்குத் தேதி பதியும் வேர்ட்பிரஸ் பிளகின், அதாவது வேர்ட்பிரஸ் இணையதளத்தில் சேர்க்கும் ஒரு சிறு நிரல். "வேறு கணினியிலும் இது ஓடுமா?" என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தேர்வாளர் கேட்பார். வாயால் பதில் சொல்லாதீர்கள். ஒரே கட்டளையில் தளத்தைப் புதிதாக எழுப்பி, சோதனையை அவர் கண்முன் ஓட்டிக் காட்டுங்கள்.

டாக்கர் ஒவ்வொரு மென்பொருளையும் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும்; பல கண்டெய்னர்களைச் சேர்த்து எழுப்புவது டாக்கர் கம்போஸ். அதில் நான்கு கண்டெய்னர் போதும்: மரியாடிபி (டேட்டாபேஸ்), வேர்ட்பிரஸ், டபிள்யூபி சிஎல்ஐ (வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்குவது), செலினியம் குரோம் (சோதனைக்காகத் தானாக இயங்கும் பிரவுசர்). நேரத்தை விழுங்குவது, ஒன்று தயாராகும் முன்பே மற்றொன்று ஓடத் தொடங்குவதுதான். எது எதற்குப் பின் கிளம்ப வேண்டும் என்று கம்போஸ் கோப்பில் சொல்வது டிபெண்ட்ஸ் ஆன். அதை மட்டும் போட்டால், கண்டெய்னர் கிளம்பிவிட்டதா என்று மட்டுமே கம்போஸ் பார்க்கும். டேட்டாபேஸ் தயாரா என்று பார்க்காது. நேற்று பாஸான சோதனை இன்று ஃபெயிலாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பலர் இடையில் ஸ்லீப் போட்டு, அதாவது சில விநாடி காத்திருக்கச் சொல்லி, சமாளிப்பார்கள். வேண்டாம், மெதுவான லேப்டாப்பில் அது போதாது, வேகமானதில் வீண். மரியாடிபி இமேஜிலேயே (கண்டெய்னரை உருவாக்கும் மூலப் பொதியில்), டேட்டாபேஸ் தயாரா என்று பார்க்கும் ஹெல்த்செக் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை இணைத்து, டிபெண்ட்ஸ் ஆனில் நிபந்தனையாக சர்வீஸ் ஹெல்தி என்று எழுதுங்கள். சிஎல்ஐயும் அப்படித்தான்: வேர்ட்பிரஸ் கோப்புகள் வால்யூமுக்கு (கண்டெய்னருக்கு வெளியே இருக்கும் சேமிப்பிடத்துக்கு) வந்து சேர்ந்த பிறகே, வேர்ட்பிரஸை நிறுவும் கோர் இன்ஸ்டாலும் பிளகின் ஆக்டிவேட்டும் ஓட வேண்டும்.

அப்புறம் முகவரி. குரோம் தனிக் கண்டெய்னரில் இருப்பதால், லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது தன்னிடமே தேடும். கோர் இன்ஸ்டாலில் யூஆர்எல்லாக, கம்போஸ் கோப்பில் வேர்ட்பிரஸுக்கு வைத்த சர்வீஸ் பெயரைக் கொடுங்கள். வேர்ட்பிரஸ் அதை டேட்டாபேஸில் எழுதி வைத்துக்கொண்டு, லாகினுக்குப் பின் அங்கேதான் அனுப்பும். குரோம் பாதியில் நின்றுபோனால் எஸ்எச்எம் சைஸை (பகிர்வு நினைவகத்தின் அளவை) கூட்டிப் பாருங்கள். டாக்கர் தானாகத் தருவது 64 எம்பிதான்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பூஜையை ஒரு குடும்பம் எடுத்துவிட்டால், அடுத்த குடும்பத்துக்கு அது கிடைக்கக் கூடாது. என் முதல் சோதனை இதுதான். முந்தைய ஓட்டத்தின் பதிவு டேட்டாபேஸில் மிச்சமிருந்தால், முதல் குடும்பத்துக்கே பூஜை மறுக்கப்படும். அதனால் ஒவ்வொரு முறையும் வால்யூமையும் சேர்த்து அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

தோட்டத்தில் லைன் மெதுவா? டவுனில் இமேஜ்களை இறக்கி, டாக்கர் சேவ் செய்து பென்டிரைவில் கொண்டு வாருங்கள். வீட்டில் டாக்கர் லோட் போதும். வைவாவுக்கு முன் அதே பென்டிரைவை நண்பரின் லேப்டாப்பில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.