3-ஆம் எண் சட்டை: டைட்ஹெட் ப்ராப்பின் தொழில்

ரக்பி யூனியனில் மைதான ஓரமாகப் பந்தோடு பறக்கும் விங்கரைத்தான் கூட்டம் கொண்டாடும். கிளப்கள் அலைந்து தேடுவதோ 3-ஆம் எண் சட்டை போடும் டைட்ஹெட் ப்ராப்பை. ஸ்க்ரம் என்பது இரு அணியின் முன்கள வீரர்களும் பிணைந்து நின்று பந்துக்காகத் தள்ளும் மோதல். அதன் முன்வரிசையில் மூன்று பேர்: நடுவில் ஹூக்கர், அவருக்கு இடப்பக்கம் லூஸ்ஹெட் ப்ராப், வலப்பக்கம் டைட்ஹெட் ப்ராப். லூஸ்ஹெட்டுக்கு இடது தோள் வெளிப்பக்கம் விடுபட்டிருக்கும். டைட்ஹெட்டின் தலை எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். இரண்டு தோளிலும் பாரம். பின்னாலிருந்து சொந்த அணியின் லாக், அதாவது இரண்டாம் வரிசைக்காரர், வேறு முட்டித் தள்ளுவார்.

"க்ரௌச், பைண்ட், செட்" (குனி, பிடி, மோது) என்று நடுவர் சொல்லும் முறை 2013 முதல் இருக்கிறது. அதில் 'பைண்ட்'டில்தான் பாதி ஆட்டம் முடிந்துவிடும். வலது கையை எதிராளியின் இடது மேற்கைக்கு வெளியே கொண்டுபோய், முதுகிலோ விலாவிலோ சட்டையைப் பிடிக்க வேண்டும். முழங்கை தரையைப் பார்த்தால் பிடி சரியும், எதிராளியும் சேர்ந்து விழுவார், நடுவர் பெனால்டி கொடுப்பார். கால்களை மிகவும் பின்னால் வைத்தால் உடம்பு நீண்டுவிடும். எதிரணி கொஞ்சம் பின்வாங்கினாலே முகம் மண்ணில். முழங்கால் சுமார் 120 டிகிரியில் மடங்கியிருந்தால்தான் தள்ள வலு மிச்சம் இருக்கும். தள்ளமுடியாதவர் இடுப்பைத் திருப்பி எதிரணி ஹூக்கர் மேல் கோணலாகப் பாய்வார். அதற்கும் பெனால்டிதான்.

இதெல்லாம் ஜிம்மில் வராது, வருடக்கணக்கில் ஸ்க்ரம் போட்டால்தான் வரும். அதனால் மற்றவர்கள் தேயத் தொடங்கும் வயதில் ப்ராப் பழுக்கிறார். 23 பேர் கொண்ட அணியில் முன்வரிசைக்குப் பழகிய ஆறு பேர் இருந்தாக வேண்டும் என்பதால், இரண்டாம் நிலை டைட்ஹெட்டுக்கும் வாராவாரம் வேலை உண்டு. 80 நிமிடமும் ஆடுபவர் அபூர்வம்.

பணம் எங்கே, நாட்டுச் சட்டை எங்கே என்ற கேள்வி இங்கே கடுமையானது. டைட்ஹெட் கார்ல் ஹேமன் நியூசிலாந்துக்கு 45 டெஸ்ட் (ரக்பியில் நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) ஆடியவர். 2007-இல் இங்கிலாந்தின் நியூகாஸில் கிளப்புக்குப் போனார். வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுபவரை நியூசிலாந்தின் தேசிய அணியான ஆல் பிளாக்ஸ் எடுப்பதில்லை; அந்தக் கதவு மூடியது. பிறகு பிரான்ஸின் தூலோன் அணியோடு 2013, 2014, 2015 என மூன்று ஐரோப்பியக் கோப்பைகள். 41 வயதில் அவருக்கு மறதி நோய் கண்டறியப்பட்டது. இதைச் சொல்லாமல் இந்தத் தொழிலின் சம்பளத்தைப் பேசுவது நியாயமில்லை.

ஒப்பந்தத்தில் தொகைக்கு முன்பு பார்க்க வேண்டியவை வேறு. நீண்ட காயத்தில் எத்தனை மாதத்துக்குப் பிறகு கிளப் ஒப்பந்தத்தை முறிக்கலாம்? அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது? கிளப்பின் கணக்கு நிலவரம் என்ன? இங்கிலாந்துக் கிளப்களான வொர்ஸ்டரும் வாஸ்ப்ஸும் 2022-இல், லண்டன் ஐரிஷ் 2023-இல் கடனில் கவிழ்ந்தபோது, நல்ல ஒப்பந்தம் கையில் வைத்திருந்தவர்களும் வேலையின்றி நின்றார்கள்.

தலையில் பலமாக அடிபட்டால் 2024 ஜனவரி முதல் உயர்மட்டப் போட்டிகளில் சென்சார் பொருத்திய மவுத்கார்டு எச்சரிக்கும். வீரர் பரிசோதனைக்கு வெளியே வருவார். ஆனால் சேதம் ஆட்டநாளில் மட்டும் சேர்வதில்லை. 2021-இல் ரக்பியின் உலக நிர்வாக அமைப்பான வேர்ல்டு ரக்பி வாரத்துக்கு முழு மோதல் பயிற்சி 15 நிமிடம், கட்டுப்படுத்திய மோதல் 40 நிமிடம், ஸ்க்ரம் போன்றவற்றுக்கு 30 நிமிடம் என்று வரம்பு பரிந்துரைத்தது. இது சட்டமல்ல, வழிகாட்டுதல். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, அந்தக் கிளப்பில் இப்போது ஆடும் ப்ராப் ஒருவரிடம் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் எத்தனை ஸ்க்ரம் போடுகிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.