சீட்டு இலவசம், செலவு மட்டும் அப்படியே ஏன்?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவம் இலவசம் என்று ஆணை வந்ததும் வீட்டுச் செலவு சரிந்துவிடும் என்று கணக்குப் போடுகிறவர்கள், ஒரு காய்ச்சலுக்கு என்னென்ன செலவாகிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. சீட்டு (மருத்துவரைப் பார்க்கக் கட்டும் கட்டணம்), ரத்தப் பரிசோதனை, மருந்து, போக்குவரத்து, காத்திருக்கையில் சாப்பாடு, அன்றைய கூலி இழப்பு. ஆணை தொடுவது முதல் மூன்றைத்தான். அதிலும் மருந்து, அலமாரியில் இருந்தால்தான் இலவசம்.

கற்பனைக் கணக்கு ஒன்று. மாதம் 100 செலவழிக்கும் வீடு. ஒருமுறை போனால் சீட்டு 2, மருந்து 5, வண்டி 3, ஆக 10. கட்டணம் போனபின் 3 மட்டும். மருந்து தீர்ந்து வெளிக்கடையில் வாங்கச் சொன்னால் 8. முன்பு ஒருமுறை போனவர்கள் இப்போது மூன்றுமுறை போனால் வண்டிக்கே 9. மொத்தம் கிட்டத்தட்ட பழையபடிதான். ஆனால் இதைத் தோல்வி என்பது தவறு, குழந்தை மூன்றுமுறை பார்க்கப்பட்டிருக்கிறது.

மருந்து ஏன் தீர்கிறது? பல இடங்களில் சுகாதார நிலையம் மருந்து வாங்கியதே அந்தக் கட்டணப் பணத்தில். அது நின்ற அதே மாதம் கூட்டம் கூடும், கொள்முதல் மட்டும் பழைய அளவில் இருக்கும். உகாண்டா 2001-இல் அரசு நிலையங்களில் (எல்லா வயதினருக்கும்) கட்டணத்தை நீக்கியபோது ஏழைகளின் வருகை கூடியது. அவர்களை நசுக்கும் பெருஞ்செலவு குறையவில்லை. மருந்துத் தட்டுப்பாட்டால் வெளியே வாங்க நேர்ந்ததே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சுட்டினார்கள். எனவே மாற்றுப் பணம் ஆணைக்கு முன்பே போய்ச் சேர வேண்டும், பின்னால் ஈடுசெய்கிறோம் என்பது உதவாது.

இன்னொரு பொறி, பூஜ்யம். ஆணையின் விளைவை அளக்க எடுக்கும் கணக்கெடுப்பில் 'செலவு 0' என்றால் இலவசமாகப் பார்த்தார்கள் என்றும் இருக்கலாம், காசில்லாமல் போகவே இல்லை என்றும் இருக்கலாம். மருத்துவத்துக்கு ஆனது வீட்டுச் செலவில் 10% அல்லது 25% தாண்டினால் பெருஞ்செலவு என்னும் வழக்கமான கோடு, போகாத குடும்பத்தைப் பாதுகாப்பான குடும்பமாகவே எண்ணிக்கொள்ளும்.

ஆகவே நிலையத்துக்கு வந்தவர்களை மட்டும் கேட்காதீர்கள். கடந்த நான்கு வாரத்தில் நோயுற்ற எல்லாக் குழந்தைகளையும் பற்றிக் கேளுங்கள். "மொத்தம் எவ்வளவு?" என்றால் வண்டிக்காசு விட்டுப்போகும், தலைப்புவாரியாகக் கேட்க வேண்டும். மருத்துவமனைப் படுக்கையில் சேர்த்த செலவுக்கு மட்டும் கடந்த ஓராண்டைக் கேளுங்கள். சராசரியை நம்பவும் வேண்டாம். பெரும்பாலோர் பூஜ்யம், சிலர் மிகப்பெரிய தொகை என்னும் இடத்தில் சராசரி எதையும் காட்டாது. கடன் வாங்கினார்களா, ஆட்டை விற்றார்களா, நகையை அடகு வைத்தார்களா என்ற கேள்வியில்தான் மாற்றம் முதலில் தெரியும்.