ஃபைபர் பிரின்ட் கழுவ 18 லிட்டர் போதும்

ஃபைபர் தாளை, அதாவது பிளாஸ்டிக் பூச்சில்லாத காகித நார் அடித்தளம் கொண்ட புகைப்படத் தாளை, கழுவ ஒரு மணி நேரம் குழாயைத் திறந்து விடுவது இருட்டறைப் பழக்கம். நிமிடத்துக்கு 4 லிட்டர் என்றாலே 240 லிட்டர். அதில் பெரும்பகுதி வெட்டியாக வழிந்தோடும். தாளில் ஊறிய ஹைப்போவை (படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர் கரைசலில் உள்ள தயோசல்ஃபேட்) தண்ணீரின் வேகம் இழுத்து வராது. அது ஊடுபரவலால் தானே கசிந்து வருகிறது. வெளித் தண்ணீரிலும் அதே அளவு சேர்ந்ததும் நின்றுவிடும். அப்போது தண்ணீரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கனம் ஃபிக்சரிலேயே தொடங்குகிறது. ஜெலட்டினை இறுக்கும் கடினமாக்கி சேராத அம்மோனியம் தயோசல்ஃபேட் ரேப்பிட் ஃபிக்சரை 1+4 (ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர்) கலந்து, விடாமல் அசைத்து, 60 விநாடியில் எடுத்துவிடுங்கள். நீர்த்த ஃபிக்சரில் ஐந்து நிமிடம் போட்டால் ஹைப்போ நாருக்குள் ஆழமாக இறங்கிவிடும். ஓய்ந்துபோன ஃபிக்சர் இன்னும் மோசம்: அது விட்டுச்செல்லும் வெள்ளிச் சேர்மங்கள் எவ்வளவு கழுவினாலும் போகாது.

8×10 அளவில் ஐந்து பிரின்ட்டுக்கு 2 லிட்டர் கொள்ளும் ட்ரே. முதலில் இரண்டு தண்ணீர், ஒவ்வொன்றும் 5 நிமிடம். பிறகு, ஹைப்போ எளிதில் வெளியேற, லிட்டருக்கு 20 கிராம் நீரற்ற சோடியம் சல்ஃபைட் கரைசலில் 10 நிமிடம். அதன்பின் ஆறு தண்ணீர், தலா 5 நிமிடம். மொத்தம் 18 லிட்டர். சல்ஃபைட் காற்றில் கெடும், அன்றே கொட்டிவிடுங்கள். கடைசி இரண்டு தண்ணீரைப் பிடித்து வைத்தால் அடுத்த தொகுப்பின் முதல் இரண்டு தண்ணீர் அதுவே.

பிழை நேர்வது பெரும்பாலும் கையாளுவதில்தான். ஒட்டிக்கொண்ட இரண்டு பிரின்ட்டுக்கு நடுவே தண்ணீர் புகாது. அடியில் இருப்பதை எடுத்து மேலே போட்டுக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு மூலையைப் பிடித்து 15 விநாடி வடியவிடுங்கள், இல்லையேல் பழைய தண்ணீரையே புதியதில் கலக்கிறீர்கள். தண்ணீர் 20–24 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். குளிர்ந்தால் ஊடுபரவல் மந்தமாகும், அதிகம் சுட்டால் ஜெலட்டின் இளகும்.

பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. தாளுக்கு இத்தனை பாடு வேண்டாம். நான்கு தண்ணீர், தலா ஒரு நிமிடம். அதிக நேரம் ஊறினால் ஓரங்களில் தண்ணீர் ஏறிப் படலம் பிரியும்.

கழுவியது போதுமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மிச்ச ஹைப்போவைக் காட்டும் சோதனைக் கரைசல் வேண்டும். 0.75 கிராம் வெள்ளி நைட்ரேட், 12.5 மில்லி 28% அசிட்டிக் அமிலம், காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 100 மில்லி ஆக்கிப் பழுப்புப் புட்டியில் வையுங்கள். கையுறை அவசியம், தோலில் பட்டால் கறுக்கும். பிரின்ட்டின் வெள்ளை விளிம்பில் ஒரு சொட்டு, இரண்டு நிமிடம், ஒற்றி எடுங்கள். வெளிறிய மஞ்சளுக்கு மேல் கறை தெரிந்தால் இன்னும் இரண்டு தண்ணீர் மாற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள்.